சந்தனம் பூசிய வண்டி

தொண்ணூற்றிரண்டில், ஆயுத பூஜை முடிந்த கையோடு தன் பழைய பிக்கப் வண்டியை எவன் தலையிலாவது கட்டிவிட வேண்டும் என்று செம்பாக்கம் தசரதன் முடிவு பண்ணியிருந்தான். ஏரி மண் அடித்தே தேய்ந்த வண்டி அது. ஈரமண்ணோடு நிறுத்தி வைத்தால் எந்த இரும்பு தாங்கும்? கழுவிவிடச் சோம்பல், பழி மட்டும் வண்டியின் மேல். அடுத்து எஃப்.சி.க்குக் காட்டினால் இன்ஸ்பெக்டர் ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் காயலான் கடைக்கு வழி சொல்லிவிடுவார்.

கேம்ப் ரோட்டில் டிங்கர் பட்டறை வைத்திருந்த எலியேசர் கேபினுக்குள் குனிந்து, டிரைவருக்குப் பக்கத்தில் உட்காருகிறவர் கால் வைக்கிற இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் குத்தினான். அது பிடிவரைக்கும் இறங்கியது.

"அண்ணா, தரையே இல்ல. துரு தின்னுடுச்சி. அறுத்துப் போட்டு புதுத் தகடு வெச்சி வெல்டிங் அடிக்கணும்."

"விக்கப்போற வண்டிக்கு இன்னாத்துக்குடா வெல்டிங்? பேப்பரைத் திணிச்சி பட்டி பூசு. மேல தாரை ஊத்தி ரப்பர் மேட்டைப் போட்டுரு."

"அந்தப் பக்கம் யாரையும் குந்த வெச்சிடாதீங்கண்ணா, பாவம். அப்புறம் காந்தம் வெச்சுப் பாத்தாங்கன்னா பட்டியில ஒட்டாது."

"அத நான் பாத்துக்கறேன்."

பாவம் என்று சொன்ன வாயை மூடிக்கொண்டு எலியேசர் வேலையை முடித்தான். கதவின் அடி, படி, மட்கார்டு என்று ஓட்டை விழுந்த இடமெல்லாம் பட்டி ஏறியது. மேலே நீல பெயிண்ட் அடித்ததும் வண்டி கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றது.

பூஜையன்று தசரதன் தன் மனைவி தாயாரம்மாளைக் கிண்ணம் கிண்ணமாகச் சந்தனம் அரைக்கச் சொன்னான். கை வலிக்க அரைத்தாள். புருஷனுக்கு இந்த வருஷம் பக்தி முற்றிவிட்டது என்று அவளுக்குச் சந்தோஷம்தான். பட்டி இருந்த இடமெல்லாம் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்தான். கேபினில் புது மேட்டின் மேல் பூவும் பொரியும் இறைத்தான்.

மறுநாள் சேலையூரிலிருந்து ஜெபராஜ் வந்தார், கூடவே நிறைமாத வயிற்றோடு மனைவி தபீதாள். கம்பெனியை மூடிவிட்டதால் வீட்டில் உட்கார்ந்திருந்தவர், கல்யாணத்துக்கு நாற்காலி வாடகைக்கு விடலாம் என்று இறங்கியிருந்தார். பையிலிருந்து பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை எடுத்து வண்டியைச் சுற்றி வந்தார். வெறும் பெயிண்ட் இருந்த இடத்திலெல்லாம் காந்தம் நன்றாக ஒட்டியது. சந்தனத்துக்குப் பக்கத்தில் போனதும் கையை இழுத்துக்கொண்டார்.

"நீங்க பூஜை பண்ண இடம். நாங்க தொட்டா நல்லா இருக்காது."

"பெரிய மனசு சார் உங்களுக்கு" என்றான் தசரதன். அடுத்தவர் சாமிக்கு ஒருவர் காட்டுகிற மரியாதையை இப்படியும் காசாக்கலாம் என்று கண்டுபிடித்த புண்ணியவான் அவன்.

விலை படிந்தது. சாவியை வாங்கிக்கொண்ட ஜெபராஜ், படப்பை பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று சொல்லிக்கொண்டே பண்டிகைப் பையோடு அம்மா வீட்டுக்குக் கிளம்பி நின்ற தாயாரம்மாளைப் பார்த்தார்.

"அக்கா, படப்பைக்கா? நாங்களும் மாமனார் வீட்டுக்கு அங்கதான் போறோம். ஏறுங்க, தபீதா நடுவுல உக்காந்துக்குவா."

தாயாரம்மாள் சிரித்துக்கொண்டே படியில் கால் வைத்தாள். தசரதன் பாய்ந்து அவள் தோளைப் பிடித்து இழுத்தான்.

"இறங்குடி! பஸ்ல போ!"

ஜெபராஜின் முகம் சுண்டிப்போயிற்று. "பரவால்லண்ணா. எங்க கூட வர்றதுன்னா உங்களுக்கு..." என்று பாதியில் நிறுத்தினார்.

அதில்லை என்று தசரதன் சொல்லியிருக்கலாம். சொன்னால், பின்னே எது என்று கேட்பார்.

"எங்க வூட்டு வழக்கம் அப்படி சார்" என்றான்.

தபீதாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறி, பூவை மிதிக்காமல் ஒதுக்கிவிட்டு, மேட்டில் இரண்டு கால்களையும் ஊன்றி உட்கார்ந்தாள். வண்டி கிளம்பியது.

"இன்னாய்யா வழக்கம்? நம்ம வூட்ல ஏது அப்படி?" என்றாள் தாயாரம்மாள்.

"பைத்தியமே, அந்தப் பக்கம் தரையே கிடையாது. வெறும் பேப்பரு. உன்னக் காப்பாத்திகினேன்." சிரித்தான். அவளும் சிரிப்பாள் என்று பார்த்தான்.

அவள் பையைப் போட்டுவிட்டு, "தம்பி! தம்பி!" என்று தெருவில் ஓடினாள். தசரதன் பின்னாலிருந்து பிடித்து அவள் வாயைப் பொத்தினான். அவள் அந்தக் கையைக் கடித்தாள். ரத்தம் வந்தும் அவன் விடவில்லை. வண்டி மெயின் ரோட்டில் திரும்பி மறைந்த பிறகுதான் விட்டான்.

அடுத்த வாரம் ஜெபராஜ் தனியாக நடந்து வந்தார். தாடி வளர்ந்திருந்தது. சண்டைக்கு வந்திருக்கிறார் என்று தசரதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டான்.

"படப்பை ரோட்ல ஸ்பீட் பிரேக்கர்ல தூக்கிப் போட்டுதுண்ணா. தரை பிச்சுகிட்டு தபீதா கால் கீழ போயிடுச்சு. நான் பிரேக் அடிக்கிறதுக்குள்ள ரோடு அரைச்சிடுச்சு. முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க. குழந்தை தங்கலை."

தசரதன் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டான். "வண்டியப் பதமா ஓட்டத் தெரியணும் சார். நான் ஓட்டினப்ப ஒண்ணும் ஆவல."

"ஆமாண்ணா, என் தப்புதான். அதுக்கு வரலை." ஜெபராஜ் கை கூப்பினார். "அன்னிக்கு அக்காவை இறக்கினப்ப உங்களை மனசுல ரொம்ப திட்டிட்டேன். யோசிச்சுப் பார்த்தா, அக்கா அங்க உக்காந்திருந்தா அக்கா கால் போயிருக்கும். கர்த்தர்தான் உங்க மூலமா அவங்களைக் காப்பாத்தியிருக்கார். மன்னிப்பு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

தசரதன் பெருந்தன்மையாகத் தலையாட்டினான். வலது கை தானாக முதுகுக்குப் பின்னால் போனது.

உள்ளேயிருந்து தாயாரம்மாள் தண்ணீர்ச் செம்போடு வந்தாள். அதை ஜெபராஜிடம் கொடுத்துவிட்டு, புருஷன் பக்கம் திரும்பினாள்.

"கையக் காட்டுய்யா. அது யார் பல்லு, எதுக்குக் கடிச்சதுன்னு தம்பிக்கிட்ட சொல்லு."