கம்ப்யூட்டருக்குள் குடிவந்த கம்ப்யூட்டர்

அக்கா வீட்டின் முன்னறைகள் இரண்டும் அச்சகம்தான், ஆனால் மை வாடை கிடையாது. பார்வையில்லாதவர்கள் விரலால் தடவிப் படிக்கும் பிரெயில் புத்தகங்களை அக்காவும் மாமாவும் அங்கே அச்சடித்தார்கள். தடித்த தாளில் புள்ளிகளைக் குத்தி எழுப்பும் பிரிண்டர் ஒன்று, ஸ்பாஞ்சு ஒட்டிய மரப்பெட்டிக்குள் உட்கார்ந்து டகடகவென்று அடித்துக்கொண்டிருக்கும். அக்கா கம்ப்யூட்டரில் டைப் செய்வாள். சின்ன வயதிலேயே பார்வை போன மாமா, வெளியே வரும் தாளில் விரலை ஓட்டிப் பிழை பார்ப்பார்.

பிரிண்டர் கல்லுக்குண்டாகத்தான் இருந்தது. அதை ஓட்டிய கம்ப்யூட்டர்தான் திங்கட்கிழமை காலை, லேசான கருகல் வாடையோடு கண்ணை மூடியது.

அக்கா தம்பிக்குப் போன் போட்டாள். அவன் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தான். ஊரே அவனை ஸ்பேனர் என்றுதான் கூப்பிடும். கல்யாணப் பத்திரிகையில் அவன் நிஜப் பெயரைப் பார்த்துவிட்டு, "இது யாரு மாப்பிள்ளை?" என்று கேட்டவர்கள் உண்டு.

"வியாழக்கிழமை வக்கீலம்மாவுக்குக் கேஸ்டா. கேஸ் கட்டுல பாதிகூட அடிச்சு முடிக்கல. உடனே வா" என்றாள் அக்கா.

வக்கீலம்மாவுக்கும் பார்வை கிடையாது. வீட்டில் இருக்கும்போது கம்ப்யூட்டர் வாசித்துக் காட்ட, கேட்டுக்கொள்வார். கோர்ட்டில் அது நடக்காது. "ஒரு காதுல மெஷின் பேசும், இன்னொரு காதுல ஜட்ஜ் பேசுவார். நான் யாருக்குப் பதில் சொல்றது?" என்பார். அதனால் கேஸ் கட்டு முழுவதும் அவருக்கு விரலடியில் இருக்க வேண்டும்.

ஸ்பேனர் புதுக் கம்ப்யூட்டரோடு வந்தான். பழசின் டிஸ்க்கில் தப்பியிருந்ததை எல்லாம் அதில் ஏற்றிவிட்டு, பிரிண்டரை மாட்டினான். புதுசு அதைச் சட்டை செய்யவே இல்லை. பிரிண்டரோடு பேசுவதற்கு டிரைவர் என்று ஒரு மென்பொருள் வேண்டும். இந்தப் பிரிண்டருக்கு இருந்த ஒரே டிரைவரோ, எப்போதோ வழக்கொழிந்துபோன பழைய சிஸ்டத்தில்தான் ஓடும்.

"அப்ப அவ்வளவுதானா?" அக்காவின் முகம் தொங்கிப்போனது.

"பொறுக்கா. புதுசுக்குள்ளயே பழசை ஓட விடலாம். விர்ச்சுவல் மெஷின்னு பேரு. நெசமா ஒரு கம்ப்யூட்டர் இருக்காது, ஆனா இருக்குன்னு நம்பி அந்தப் பழைய சிஸ்டம் ஓடும்."

"வீட்டுக்குள்ள ஒரு போர்ஷனைப் பிரிச்சு வாடகைக்கு விட்ட மாதிரி" என்றார் மாமா.

"அதே மாமா!"

செவ்வாய்க்கிழமை மதியத்துக்குள் பழைய சிஸ்டம் திரைக்குள் ஒரு சின்னச் சதுரத்தில் குடியேறிவிட்டது. ஸ்பேனர் கையைத் தேய்த்துக்கொண்டு டிரைவரைப் போட்டான். எல்லாம் ஒழுங்காக ஓடி, கடைசியில் 'சாதனம் காணவில்லை' என்று வந்து நின்றது. கேபிளை மாற்றினான். வேறு துளையில் செருகினான். டிரைவரை அழித்துவிட்டு முதலிலிருந்து போட்டான். அது பிடித்த பிடியை விடவில்லை.

நடுவில் வக்கீலம்மா போன் செய்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "பரவாயில்லம்மா, முடிஞ்ச வரைக்கும் மனப்பாடம் பண்ணிக்கிறேன்" என்றார். போனை வைத்த அக்கா, அடுக்கியிருந்த வெற்றுத் தாள்களையே மறுபடி எடுத்து அடுக்கத் தொடங்கினாள். ஸ்பேனருக்கு அவள் திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

அவன் மறுபடி கேபிளைச் செருகியபோது மாமா தலையை நிமிர்த்தினார்.

"மாப்ள, இப்ப 'டிங்'னு கேட்டது புதுசோட சத்தம்தானே?"

"ஆமா மாமா."

"பழசு அப்படிச் சொல்லாது. அது 'டொடிங்'னு ரெண்டு தடவை சொல்லும். இத்தனை வருஷம் அதோடதானே குடித்தனம் பண்ணேன். காலையில இருந்து புதுசு சத்தம் மட்டும்தான் வருது."

ஸ்பேனர் தன் நெற்றியில் அடித்துக்கொண்டான். "வாசல்லயே புதுசு மடக்கிப் போட்டுருது! உள்ள இருக்கிறவன்கிட்ட போய்ச் சேரவே இல்ல!"

பிரிண்டரைச் செருகியதும் விர்ச்சுவல் மெஷினிடம் ஒப்படைக்கச் சொல்லி அமைப்பை மாற்றினான். அப்போதும் பழசு பேசவில்லை. அமைப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனவன், புதுத் தலைமுறை யூஎஸ்பி என்று தேர்வாகியிருந்ததைக் கண்டான். பழசு பிறந்தபோது அப்படி ஒன்றே கிடையாது. அதைப் பழைய வகைக்கு இறக்கி, விர்ச்சுவல் மெஷினை அணைத்து மறுபடி போட்டான்.

டொடிங்.

"வந்துட்டான்!" என்றார் மாமா.

டிரைவர் மறுபேச்சில்லாமல் ஏறியது. மரப்பெட்டிக்குள் டகடகவென்று சத்தம் கிளம்ப, ஸ்பேனர் துள்ளிக் குதித்தான். அக்கா தாளைக் கிழித்து மாமா கையில் கொடுத்தாள். மாமா தடவினார். திருப்பிப் போட்டுத் தடவினார்.

"ஏம்மா, இது எந்த நாட்டுப் பாஷை?"

ஸ்பேனரின் உற்சாகம் புஸ்ஸென்று இறங்கியது. அவசரத்தில் பட்டியலில் இருந்த வேறொரு மாடலைத் தேர்ந்தெடுத்திருந்தான். அசடு வழியச் சிரித்துவிட்டு, சரியான பெயரைப் பார்த்து மாற்றினான். அடுத்த தாளில் மாமாவின் விரல் தங்குதடையில்லாமல் ஓடியது. வாய்விட்டே படித்தார்: "வாதியின் தரப்பு வாதம்."

அக்கா தம்பியின் தலைமுடியைக் கலைத்துவிட்டாள். "போய்க் கை கழுவிட்டு வாடா, சாப்பிடலாம். காலையில இருந்து பச்சத்தண்ணிகூடக் குடிக்கல நீ."

புதன்கிழமை பகல் முழுக்கப் பிரிண்டர் ஓடியது. சாயங்காலம் வக்கீலம்மா தானே வந்து கேஸ் கட்டை வாங்கி, நாற்காலியில் உட்கார்ந்தபடியே முதல் பக்கத்தில் விரலை வைத்தார். சிறிது நேரத்தில் அவர் உதடுகள் அசையத் தொடங்கின. தன்னைச் சுற்றி மூன்று பேர் இருப்பதையே மறந்துவிட்டார். ஸ்பேனர் மின்விசிறியின் வேகத்தைச் சத்தமில்லாமல் கூட்டிவைத்தான்.

மறுநாள் மதியம் போன் வந்தது. அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

"தடை உத்தரவு வாங்கியாச்சும்மா! எந்தத் தேதி கேட்டாலும் விரல் போய் நின்னுச்சு. எதிர்த்தரப்பு வக்கீல் கட்டைப் புரட்டிப் புரட்டிப் பாத்துட்டு வாய்தா கேட்டார். ஜட்ஜ் குடுக்கல."

அக்காவின் கண் கலங்கிவிட்டது. ஸ்பேனர் மாமாவின் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"ஒரே ஒரு பிழைதான்" என்றார் வக்கீலம்மா. "ஒரு இடத்துல 'வாதி'க்குப் பதிலா 'வாடி'ன்னு அடிச்சிருக்கீங்க. 'வாடி சொல்வது என்னவென்றால்'னு ஜட்ஜ்கிட்ட சொல்லப் போயிட்டேன். சிரிப்பை அடக்க ரெண்டு தடவை இருமினேன்."

அக்கா சட்டென்று மாமா பக்கம் திரும்பினாள். "பிழை பாத்தது யாரு?"

"அடிச்சது யாருடி?" என்றார் மாமா.

போனிலிருந்து வக்கீலம்மாவின் சிரிப்பு அறை முழுக்கக் கேட்டது.