மாராயி காட்டு விமானம்

1943 ஐப்பசியில், மலைமேல் குண்டூர் நாட்டு மாராயியின் சாமைக் காட்டுக்கு மேலே, இரண்டு பலாமர உயரத்தில், பட்டாளத்து ஏரோப்ளேன் ஒன்று வந்து நின்றுவிட்டது. விழவும் இல்லை, நகரவும் இல்லை. உள்ளே இருந்த வெள்ளைக்காரர் இறங்கக் காலை நீட்டினால் காற்று பாறையாக இறுகியது. எத்தனை ஏணிகளைச் சேர்த்துக் கட்டினாலும் ஒரு முழம் போதவில்லை. அவர் விட்ட கயிற்றில் மாராயி கட்டிய களிச்சட்டி மட்டும் ஏறி இறங்கியது.

பட்டாளத்து அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். இது யுத்த ரகசியம், ஏரோப்ளேன் என்ற சொல்லை மலையில் எவரும் உச்சரிக்கக் கூடாது, காட்டுக்காரி மாராயி மலையைவிட்டு இறங்கக் கூடாது என்று சொல்லி, அர்த்தனாரி என்ற போலீஸ்காரரைக் காவல் வைத்துவிட்டுப் போனார்கள். அடிவாரத்துக் காரவள்ளியில் வாழ்க்கைப்பட்ட மகள் மயிலாத்தாளுக்கு அது நிறைமாதம். தலைப்பிரசவத்துக்கு மாராயியால் போக முடியவில்லை.

பேசாமலும் இருக்க முடியாத ஜனங்கள், கோயில் கருவறைக்கு மேல் அசையாமல் நிற்கும் விமானத்தின் பெயரை இதற்கு வைத்தார்கள். அர்த்தனாரி அதட்டினால், "கோயில் விமானத்தைச் சொல்றோமுங்க" என்றார்கள். பிறகு அவரும் அப்படியே சொன்னார்.

காதில் விழுந்ததைக் கொண்டே மேலே இருந்த வெள்ளைக்காரத் துரை தமிழ் பழகினார். ஒருநாள் மாராயி சட்டியைக் கட்டாமல் அண்ணாந்து கத்தினாள்: "உங்களாலதானுங்க எம்புள்ளையப் பாக்க முடியாமப் போச்சு!"

"எங்கம்மாளை நானும் பாக்கலீங்க" என்றார் துரை.

அவள் சட்டியைக் கட்டினாள்.

யுத்தம் முடிந்ததும் அர்த்தனாரியைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். துரையைப் பற்றி ஒரு வார்த்தையும் வரவில்லை. மறுநாள் காலை மாராயி மூட்டையோடு நின்று, "போயிட்டு வாரேனுங்க" என்றாள். அவள் வரப்பைத் தாண்டியதும் தலைக்கு மேல் தகரம் முனகியது. விமானம் அவள் நடைக்குச் சரியாக நகர்ந்து வந்தது. நின்றாள், நின்றது. ஓடிப் பார்த்தாள், அதுவும் விரைந்தது. பாறையொன்றில் உட்கார்ந்து கொஞ்சநேரம் அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மலையிறங்கினாள்.

காரவள்ளியில் மயிலாத்தாள் இடுப்பில் குழந்தையோடு வாசலுக்கு வந்து, அம்மாவைக் கண்டு, அண்ணாந்து விமானத்தையும் அதிலிருந்து எட்டிப் பார்த்த துரையையும் பார்த்தாள்.

"என்னம்மா இது?"

"நம்ம காட்டு விமானம், கண்ணு. இனி எங்க போனாலும் கூடத்தான் வரும்போல."

குழந்தையை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, உலைக்கு இன்னும் கொஞ்சம் அரிசி அள்ளப்போன மயிலாத்தாள் நிலைப்படியில் திரும்பிக் கேட்டாள்:

"அவருக்குக் காரம் ஆகுமா?"