மாப்பிள்ளை கார்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. காலை நீட்டிக்கொள்ளுங்கள், பரவாயில்லை. ஊரே ஆசைப்பட்டும் ஒருவர்கூட வீட்டுக்குக் கூட்டிப்போகாத ஒரு காரைப் பற்றிச் சொல்கிறேன்.

அப்போது நானும் என் வீட்டுக்காரரும் ஒரே கார் ஷோரூமில் வேலை பார்த்தோம். அவர் விற்பனையாளர். வருகிறவர்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பது என் வேலை. கண்ணாடிச் சுவரை ஒட்டி அந்தக் கார் நின்றது. பழுத்த மாதுளையின் நிறம், மடித்து வைக்கிற கூரை, தொட்டால் வழுக்கும் தோல் சீட்டுகள் இரண்டே இரண்டு. மெக்கானிக் அண்ணன் அதற்கு ‘மாப்பிள்ளை’ என்று பெயர் வைத்திருந்தார். பார்க்க வராதவர் இல்லை, பெண் கொடுக்கத்தான் ஆள் இல்லை. விலைதான் காரணம் என்று முதலாளி குறைத்துப் பார்த்தார். மழைக்குப் பயப்படுகிறார்கள் என்று என் வீட்டுக்காரர் கூரையை மூடி மூடித் திறந்து காட்டினார். ஒன்றும் பலிக்கவில்லை.

“இந்த மாசமும் இங்கயே நின்னா கம்பெனிக்குத் திருப்பி அனுப்பிடுவேன். நீங்களும் வேற இடம் பாத்துக்கங்க,” என்று முதலாளி இவரிடம் சொல்லிவிட்டார். எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். இவருக்கோ கார் விற்பதைத் தவிர வேறு தொழில் தெரியாது.

மாதக் கடைசியில் ஒரு பல் டாக்டர் குடும்பத்தோடு வந்தார். பார்த்ததுமே வாங்கிவிடுகிற முகம். எங்கள் ஷோரூமில் ஒரு வழக்கம் உண்டு. வாங்குகிறவரும் மனைவியும் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பார்கள், விற்பனையாளர் பின்சீட்டில் இருந்து பேசிக்கொண்டே போவார். இதில்தான் பின்சீட்டே இல்லையே! இவர் வாசலில் நின்றுகொண்டார். டாக்டரின் அப்பாவும் சின்ன மகளும் என்னிடம் மிஞ்சினார்கள்.

“போய்ட்டு வாங்கப்பா, எங்களுக்கென்ன,” என்றார் பெரியவர். கார் கிளம்பியதும் நாற்காலியைத் தெருப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். பேத்தி கண்ணாடியில் மூக்கை அழுத்தியபடி, “தாத்தா, நாம எதுல போவோம்?” என்றாள்.

“நாம பின்னாலயே ஓடிப்போவோம்டி தங்கம்.”

அவர் சிரித்தார். குழந்தை சிரிக்கவில்லை.

சுற்று முடியும் முன்பே கார் திரும்பிவிட்டது. டாக்டரின் மனைவிக்குத் தலையெல்லாம் கலைந்து, முகம் மலர்ந்து கிடந்தது. ஆனால் இறங்கியதும் ஓடிவந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டார். “ரொம்ப நல்லா இருக்குங்க. யோசிச்சுச் சொல்றோம்.” எங்கள் தொழிலில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

மாதம் முடிந்ததும், கம்பெனிக் கிடங்குவரை அந்தக் காரை ஓட்டிக்கொண்டுபோய் விடும் வேலையையும் முதலாளி இவர் தலையிலேயே கட்டினார். “ஏறு, நாமளாவது ஒருதரம் போவோம்,” என்று இவர் என்னைக் கூப்பிட்டார். ஆற்றுப் பாலத்தில் காற்று என் பின்னலை அவிழ்த்துவிட்டது. நடுவில் பையோ பிள்ளையோ இல்லாமல் அவர் பக்கத்தில் நான் உட்கார்ந்து எத்தனை வருஷம்! வேலை போனதுகூட மறந்து, வயிறு வலிக்கச் சிரித்தேன். பாலம் முடிவதற்குள் என் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

“என்னங்க, பசங்களையும் கூட்டிட்டு வந்திருக்கலாம்.”

“எங்க உக்கார வைக்கிறது, உன் தலைமேலயா?”

சொன்னவர் சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். மாப்பிள்ளைக்குப் பெண் கிடைக்காத காரணம் எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது. பிறகு, கிடங்குக்குப் பிரிகிற இடத்தில், இவர் காரை எங்கள் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் இருக்கும் தெருவுக்குள் திருப்பினார்.

உங்கள் வீட்டில் எத்தனை நாற்காலி வாங்கிப் போட்டாலும் ஓர் ஆள் கூடுதலாகவே இருக்கட்டும், கண்ணுகளா. மடிகள் நிறைந்து நன்றாக இருங்கள்.