மூன்றாம் ஞாயிறும் ஸ்பார்க் இல்லை

வாரத்தில் ஆறு நாள் அடுத்தவர் வண்டிக்குக் கீழே படுத்துக் கிடக்கிறவனுக்கு, ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருப்பதே தூங்குவதற்குத்தான். எனக்கு அதுவும் வாய்க்கவில்லை. மூன்றாவது வாரமாக அக்கா வீட்டுக் கொட்டகையில், மாமாவின் டிராக்டருக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது.

கிட்டத்தட்ட என் வயதுள்ள பெட்ரோல் வண்டி அது. டீசல் வண்டியாக இருந்தால் இந்தத் தலைவலியே இல்லை. அதற்குப் பொறி போடும் ஸ்பார்க் பிளக்கும் கிடையாது, பிளக்குக்குக் கரண்ட் ஏற்றும் காயிலும் கிடையாது. இதற்கோ ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் நேரம் பார்த்து ஒரு பொறி விழுந்தாக வேண்டும். விழவில்லை. சாவியைத் திருகினால் எஞ்சின் கடகடவென்று சுற்றுகிறதே தவிர, ஒரு இருமல்கூட இல்லை.

வண்டி ஓடாமல் கிடப்பதில் எனக்கு உள்ளூர நிம்மதிதான், அதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதத்துக்கு முன் மாமா உழுதுகொண்டிருக்கும்போதே மயங்கிச் சீட்டிலிருந்து சரிந்து விழுந்தார். வண்டி ஆளில்லாமல் போய் ஒரு மண்மேட்டில் முட்டி நின்றது. சக்கரத்துக்கும் அவர் தலைக்கும் நடுவே ஒரு முழம்தான் இருந்தது என்று அக்கா கையை விரித்துக் காட்டினாள். இனி வண்டியில் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாமா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஒரு மாதம் படுத்திருந்தார். எழுந்ததும் முதல் வேலையாக வண்டியைத் துடைத்தார். தடுத்த அக்காவிடம், டாக்டர் கிடக்கிறார், என் உடம்பு எனக்குத் தெரியாதா என்றாராம். அந்த வாரமே வண்டி ஸ்டார்ட் ஆகாமல் நின்றது. உடனே எனக்குப் போன்.

வர முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மாமா கூப்பிட்டு மறுக்கிற வாய் எனக்கு இல்லை. எங்கள் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த நாற்பது நாளும் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தவர் மகன் நானில்லை, அவர்தான். சரிசெய்து கொடுத்தால் ஏறிவிடுவார். கொடுக்காவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். இரண்டுக்கும் நடுவில் என் ஞாயிறுகள் போய்க்கொண்டிருந்தன.

முதல் வாரம் பிளக்கைக் கழற்றி எஞ்சின் மேல் படுக்கவைத்து, அக்காவைச் சாவி திருகச் சொல்லிப் பார்த்தேன். பொறி இல்லை. கரண்டை ஒவ்வொரு பிளக்குக்கும் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்து பாயிண்டைத் தேய்த்து இடைவெளி வைத்தேன். இல்லை. மாமா கட்டை விரலில் ஒரு பிளாஸ்திரியோடு, பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது வாரம் கண்டன்சரை மாற்றினேன், காயிலையும் மாற்றினேன். அதற்கும் அசையவில்லை. ஒயரை மட்டும் நான் தொடவே இல்லை. அது போன வருஷம் நானே புதிதாக இழுத்த ஒயர். நான் போட்ட ஒயரில் என்ன கோளாறு வந்துவிடப் போகிறது என்கிற திமிர்தான், வேறென்ன. பட்டறையில் வேறு எவனாவது இப்படிச் செய்திருந்தால் நாறடித்திருப்பேன்.

இந்த வாரம் வேறு வழியில்லாமல் அக்காவைச் சாவிப் பக்கம் நிறுத்திவிட்டு டெஸ்ட் லாம்ப்பை எடுத்தேன். காயிலுக்குள் கரண்ட் போகிறது, பல்பு எரிந்தது. வெளியே வருகிற பக்கம் எரியவில்லை. டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகிற ஒயரைக் காயிலிலிருந்து கழற்றினேன், எரிந்தது. மாட்டினேன், அணைந்தது. சரி, மறுமுனையை டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து கழற்றிவிட்டுப் பார்த்தேன். அப்போதும் எரியவில்லை. அப்படியானால் நடுவில் இருக்கிற இரண்டு முழ ஒயர்தான் எங்கேயோ இரும்பைத் தொட்டுக்கொண்டு, வருகிற கரண்டையெல்லாம் அங்கேயே இறக்கிவிடுகிறது. இரண்டு வாரம் முன்பே செய்திருக்க வேண்டிய ஐந்து நிமிஷ வேலை. என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது.

மாமா மாத்திரை போட உள்ளே போயிருந்தார். ஒயரை விரலால் தடவிக்கொண்டே போனேன். எஞ்சினோடு சேர்த்துப் பிடித்திருக்கும் இரும்புக் கிளிப்புக்குக் கீழே விரலில் சுருக்கென்றது. குனிந்து பார்த்தால், தலையைக் கிள்ளிய ஒரு குண்டூசி. ஒயருக்குள் நுழைந்து, நுனி கிளிப்பைத் தொட்டபடி நின்றது.

இந்தக் கதை எனக்குத் தெரியும். நான் சொன்ன கதைதான். மூன்று வருஷத்துக்கு முன் இதே வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, யாரோ ஒருவன் இப்படி ஊசியைக் குத்திவிட்டு நான்கு மெக்கானிக்குகளைப் பைத்தியமாக அடித்ததைச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மட்டும், எந்த ஒயரில் என்று கேட்டாள். நானும் பெரிய மனுஷனாட்டம் தட்டில் விரலால் படம் போட்டுக் காட்டினேன்.

நிமிர்ந்தேன். அக்கா சாவியிலிருந்து கையை எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான்டா" என்றாள்.

"மூணு வாரம்க்கா."

"எடுத்துடாதே. அவர் வண்டியில ஏறிட்டா, அந்தச் சத்தம் கேக்குதா, நின்னுடுச்சான்னு நாள் பூரா காதைத் தீட்டிக்கிட்டே இருக்கணும். என்னால முடியலடா."

திட்ட நினைத்தேன். அவள் கழுத்தெலும்பு தெரிந்த விதத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். வண்டி இனித் தேறாது என்று நானே சொல்லிவிட வேண்டும், நான் சொன்னால் அவர் நம்புவார் என்றாள். மாமா வருகிற செருப்புச் சத்தம் கேட்டதும், டீ போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டாள்.

மாமா முக்காலியில் உட்கார்ந்தார். பொய் சொல்லித் தொண்டையைக் கெடுத்துக்கொள்கிற வயதா எனக்கு? ஆனாலும் ஆரம்பித்தேன். பழைய வண்டி மாமா, உள்ளே பல சாமான் தேய்ந்துபோச்சு, இனிமேல் இது கஷ்டம் என்று இழுத்தேன். அவர் என் வாயைப் பார்க்கவில்லை, விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நுனியில் ஒரு சொட்டு ரத்தம் திரண்டிருந்தது.

"உனக்கும் குத்திடுச்சா?" என்றார்.

முதல் வாரம் பிளாஸ்திரி ஒட்டியிருந்த தன் கட்டை விரலை அவர் தடவிக்கொண்டார்.

"நின்னுபோன அன்னிக்கே பாத்துட்டேன் மாப்ளே. அவ கடைக்குப் போயிருந்தா. ஊசியை எடுத்துட்டுத் திருகினேன், ஒரே திருகுல பிடிச்சுக்கிச்சு. ஏறி உக்காந்தேன். கிளட்ச்சை மிதிக்கக் கால் போகல. நடுங்குது. மண்மேடுதான் கண்ணு முன்னால நிக்குது. இறங்கி வந்து, அதே ஓட்டையில திரும்பக் குத்தி வெச்சேன்."

"அப்புறம் என்னை எதுக்கு மாமா கூப்பிட்டீங்க?"

"கூப்பிடாம சும்மா இருந்தா, நான் பயந்துட்டேன்னு அவளுக்குத் தெரிஞ்சுடும்ல."

மூன்று ஞாயிறு, ஒரு கண்டன்சர், ஒரு காயில். கத்தியிருக்க வேண்டும். எனக்கு அழுகைதான் வந்தது. அதை மறைக்க எஞ்சினுக்குள் தலையை நுழைத்துக்கொண்டேன். கழற்றின ஒயரை இருந்த இடத்தில் மாட்டி, ஊசி நகராமல் கிளிப்பை மெதுவாக அழுத்திவிட்டேன்.

அக்கா டீயோடு வந்தாள். மாமா உடனே குரலை உயர்த்தினார். உன் தம்பிக்கு ஒரு மண்ணும் தெரியவில்லை, மூணு வாரமாக நோண்டுகிறான், அடுத்த வாரமும் வந்து பார்க்கச் சொல் என்றார். வருவான், வராமல் எங்கே போகிறான் என்றாள் அக்கா, என் முகத்தைப் பார்க்காமல்.

டீயைக் குடித்துவிட்டு ஸ்பேனர்களைப் பையில் போட்டேன். "அடுத்த ஞாயிறு வர்றேன். எப்படியும் கண்டுபிடிச்சிடலாம்" என்றேன், வாய்ப் பழக்கத்தில்.

இரண்டு பேர் முகமும் ஒரே நேரத்தில் வெளிறியது. அதைப் பார்த்த பிறகுதான், "முடியாமலும் போகலாம்" என்று சேர்த்தேன்.