கேட்காமல் எழுதிய ‘இல்லை’

இரண்டு நாள் லீவு எடுத்தது ஒரு குற்றமா? திரும்பி வந்து சீட்டில் உட்கார்ந்தவளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மாமனாரின் ஆஸ்பத்திரி, கொழுந்தன் மேனேஜர், கம்ப்யூட்டர் விஷயமெல்லாம் மூத்த மருமகளான அவள் தலையில். நோயாளிகளின் விவரங்களைப் பழைய டேட்டாபேஸிலிருந்து புதியதற்கு மாற்றும் வேலையை மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்துச் செய்துகொண்டிருந்தாள். அவள் இல்லாத நேரம் பார்த்துக் கொழுந்தன் மகராசன் ஒரே மூச்சில் மாற்றி முடித்து, இன்று காலை எல்லா வார்டுகளுக்கும் திறந்தும் விட்டிருந்தான்.

அதுகூடப் போகட்டும். ஒவ்வாமைக் கட்டத்தில் கை வைத்திருந்தான். யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று எழுதும் கட்டம் அது. பழைய டேட்டாபேஸில் காலி இரண்டு வகை. கேட்டு, எதுவும் இல்லை என்று தெரிந்துகொண்டு விட்ட காலி ஒன்று. கேட்கவே கேட்காத காலி இன்னொன்று. பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் உள்ளே வேறு வேறு. புதியதோ இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். அதனால்தான் மாற்றுவதற்கு முன்பே ‘இல்லை’, ‘கேட்கவில்லை’ என்று எழுத்தில் போட்டுவிட வேண்டும் என அவனிடம் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லியிருந்தாள்.

“காலியா இருந்தா பார்க்க நல்லா இல்ல அண்ணி. எல்லாத்துலயும் ‘இல்லை’ன்னு போட்டுட்டேன். காலின்னா இல்லைன்னுதானே அர்த்தம்?”

“கேட்காத ஆளுக்கு இல்லைன்னு எழுதி வச்சிருக்கீங்க தம்பி. அதை நம்பி நர்ஸ் ஊசி போடுவாங்க. ஆள் போயிட்டா நீங்க போய்ப் பதில் சொல்வீங்களா?”

சத்தம் கேட்டு மாமனார் வந்தார். பிள்ளை தப்புச் செய்தால் விளையாட்டுத்தனம், மருமகள் குரல் உயர்த்தினால் திமிர். அது அவர் வீட்டுச் சட்டம்.

“ஏம்மா இப்படிக் குதிக்கிற? திறந்ததை மூடினா ஊரே சிரிக்கும். மெதுவா சரி பண்ணிக்கலாம்.”

அவள் அவருடைய பெயரையே தட்டித் திரையை அவர் பக்கம் திருப்பினாள். முதலாளியிடம் போய் யார் கேள்வி கேட்பது? எப்போதோ அவருக்கு ரத்த அழுத்தம் பார்த்துப் பதிந்த நர்ஸ் ஒவ்வாமைக் கட்டத்தைத் தாண்டிப் போயிருந்தாள். இப்போது அதில் ‘இல்லை’ என்று இருந்தது. இளவயதில் ஒரு பெனிசிலின் ஊசியில் அவர் செத்துப் பிழைத்தது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும்.

மாமனாரின் முகம் வெளிறியது. கொழுந்தன் தரையைப் பார்த்தான். ஒருவழியாக உறைத்துவிட்டது என்றுதான் அவள் நினைத்தாள்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “என்னோடத மட்டும் உடனே மாத்திடும்மா.”

வார்டு வார்டாக ஜனம் படுத்துக் கிடக்கிறது, இந்த மனிதருக்குத் தன் உயிர் ஒன்றுதான் உயிர்! கீபோர்டை இழுத்தாள். ஆஸ்பத்திரி முழுவதையும் பழைய டேட்டாபேஸுக்கே திருப்பிவிட்டாள். காலையிலிருந்து பதிந்தவற்றை மறுபடி ஏற்ற வேண்டும்; அவளே உட்கார்ந்து ஏற்றுவாள்.

“யாரைக் கேட்டு மாத்தின?” மாமனார் கத்தினார்.

“யாரையும் கேட்கல மாமா. இங்க கேட்கிற பழக்கம்தான் யாருக்கும் இல்லையே!”