ஒரு நூல் உயிர்

பின்வாசல் திரைக்குக் கீழே பர்ஸான் இன்னொரு வாளித் தண்ணீரைத் தள்ளினான். உள்ளேயிருந்து ஒரு கை அதை இழுத்துக்கொண்டது. அவன் தங்கை ஸகியாவைப் பெண்கள் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். இருதய வால்வு பழுதாகி ஒன்றரை வருடம் அறைக்குள்ளேயே கிடந்தவள், விடியும்போது ஒரு சத்தமும் இல்லாமல் போய்விட்டாள்.

"வாசல்படி தாண்டாத புள்ள," என்று உள்ளே ஒரு பெண் சொல்லி அழுதாள். "ஒரு அந்நிய ஆம்புள அவட கொரல் கேட்டிருப்பானா?"

முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்த வாப்பா பக்கீர் முகைதீன் அதைக் கேட்டுத் தலையசைத்தார். காலையிலிருந்து அவரைத் தாங்கிக்கொண்டிருந்தது அந்தப் பேச்சு ஒன்றுதான்.

பர்ஸான் முன்பக்கம் வந்தபோது கேற்றடியில் ஒரு பொடியன் நின்றிருந்தான். நெற்றியில் திருநீறு, கையில் தோடம்பழப் பை, கண் இரண்டும் சிவந்திருந்தன.

"ஆரைத் தேடுறீங்க?"

"இது பர்ஸான்ட வீடுதானே? ஏலாம இரிக்கன் எண்டு எழுதியிருந்தார். வருத்தம் பாக்க வந்தன். சந்தியில கேட்டா, அந்தச் செத்த வீடுதான் எண்டு காட்டுறாங்க. பர்ஸான் எப்ப..."

"நான்தான் பர்ஸான்."

பொடியன் பையைப் போட்டுவிட்டு அவனைக் கட்டிப்பிடித்தான். "மச்சான்! உயிரோட இரிக்காயாடா! நான்டா, ஆலையடிவேம்பு வினோஜ்!"

மௌத்து வீட்டில் ஒருவன் சிரித்துக்கொண்டு கட்டிப்பிடிப்பதை முற்றமே திரும்பிப் பார்த்தது. பர்ஸானுக்கு ஒரு அறை விடலாம் போலிருந்தது. ஆனால் பெயரைக் கேட்டபிறகு கை எழவில்லை.

அவன் கட்டாரிலிருந்து கொண்டுவந்த லெப்டொப்பில் ஸகியா ஒரு சண்டை கேம் விளையாடுவாள். முகம் தெரியாத பொடியன்களோடு இணையத்தில் மோதுவதற்குக் அண்ணன்காரனின் பெயரை இரவல் வாங்கியிருந்தாள். "காக்கா, உங்கட பேர் சும்மாதானே கிடக்கு, நான் அதுக்கு மரியாத வாங்கித் தாறன்," என்றாள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. அதனால் வாப்பாவிடம்கூட இருவரும் சொல்லவில்லை. வினோஜ் என்ற பெயரைப் பர்ஸான் அவள் வாயால் அடிக்கடி கேட்டிருக்கிறான். முன்னாலோ பின்னாலோ 'மொக்கன்' என்பதும் சேர்ந்தே வரும்.

"மறுகா... மௌத்தானது ஆரு மச்சான்?" வினோஜ் மெல்லக் கேட்டான்.

"தங்கச்சி."

வினோஜின் கைகள் தளர்ந்தன. "ஐயோ, மன்னிச்சுக்க மச்சான்," என்று குனிந்து, உருண்ட தோடம்பழங்களைப் பொறுக்கினான். பர்ஸான் அவனை ஓரமாக ஒரு கதிரையில் இருத்தித் தானும் இருந்தான். இருவருக்கும் பொதுவாக ஒரு பேச்சும் இல்லை. தனக்குத் தெரிந்த ஒன்றை வினோஜ் எடுத்தான்.

"உன்ட கொரல் இப்பிடித்தானா? ஒரு வருசமா மைக் பழுது, மைக் பழுது எண்டு எழுதினியே."

"ம்."

"நீ சொன்னதுதான் சரி மச்சான். ரெண்டாம் பாகம்தான்."

அது அவர்களுடைய நீண்ட வழக்கு. அந்த கேமின் நாலாம் பாகத்தில், திரையில் உயிர்க்கோடு வற்றிச் சாகப்போகிறவனுக்கு ஒரு பேரடி இலவசமாகக் கிடைக்கும். அதை வைத்தே தோற்கிறவன் எழும்பி வென்றுவிடலாம். வினோஜ் அதன் கட்சி. இரண்டாம் பாகத்தில் அந்த இரக்கம் கிடையாது. உயிர் நூலளவு மிஞ்சினாலும் அதே சின்னக் குத்து, அதே உதைதான். ஓங்கிய கையைப் பின்னுக்கு இழுக்கவும் முடியாது. "சாகப்போறவனுக்குப் பாவம் பாத்து ஒரு அடி குடுக்கிறது என்ன வெளாட்டு காக்கா?" என்று தலையணையில் சாய்ந்து, மூச்சு வாங்க வாங்க ஸகியா கேட்பாள். பர்ஸானுக்கு இரண்டு பாகமும் ஒன்றுதான். இரண்டிலும் யாரோ யாரையோ அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"நீ ரெண்டு கிழமையா வரல்ல. தனிய இரிந்து ரெண்டையும் மாத்தி மாத்தி வெளாடிப் பாத்தன்," என்றான் வினோஜ். "நாலாம் பாகத்தில நான் வெண்டதெல்லாம் அந்தப் பேரடி வெண்டது. ரெண்டுல ஒரு நூல் உயிர்ல நிண்டு வெண்டன் பாரு, கை நடுங்கிச்சு மச்சான். நீ ஏன் அதையே புடிச்சிக் கிடக்காய் எண்டு அப்பதான் வெளங்கிச்சு. இத எழுதப்படா, நேர சொல்லோணும் எண்டுதான் பஸ் ஏறின."

ஒரு வருடம் ஸகியா மல்லுக்கட்டிய வழக்கு. தீர்ப்பு பிந்தி வந்து, ஆளும் மாறி, பர்ஸானின் மடியில் விழுந்திருக்கிறது. அவள் கேட்டிருந்தால் இருமி இருமிச் சிரித்திருப்பாள். உண்மையைச் சொன்னால் அந்த 'வாசல்படி தாண்டாத புள்ள' என்னாவது? அதைப் பிடித்துக்கொண்டுதானே வாப்பா நிமிர்ந்து இருக்கிறார். சொல்லாவிட்டால் அவள் வென்றதும் அவளோடு மண்ணுக்குள் போய்விடும். நெஞ்சு பொறுக்கவில்லை அவனுக்கு.

அசர் தொழுகைக்கு முன், ஸகியாவைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்கினார்கள். முன்னால் ஒரு பக்கம் வாப்பா, மறுபக்கம் பர்ஸான். வினோஜ் வீதியோரம் வடிகானடியில் ஒதுங்கி நின்றான்.

பர்ஸான் கையசைத்துக் கூப்பிட்டான். "வா, என்ட எடத்தில புடி."

"நான் புடிக்கலாமா மச்சான்?"

"ஒன்னோட அடிபட்டது இவதான்." பர்ஸான் குரலைத் தாழ்த்தினான். "நான் ஒருநாளும் வெளாடல்ல. என்ட பேர்ல இவ வெளாடினா. ரெண்டாம் பாகம் இவட கட்சி."

வினோஜ் அவனைப் பார்த்தான். பச்சைத் துணி போர்த்திய சந்தூக்கைப் பார்த்தான். பிறகு செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்து தோள் கொடுத்தான்.

வாப்பா திரும்பினார். "ஆரு மனே அது?"

என்ட கூட்டாளி என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தும் விட்டது.

"ஸகியாட கூட்டாளி, வாப்பா."

வாப்பா முகத்தை முன்னுக்குத் திருப்பிக்கொண்டார். கலிமா சொல்லி வந்தவர்களில் யாருக்குக் கேட்டதோ தெரியாது.

வீதி முனையில் தோள் மாற்ற ஆட்கள் வந்தார்கள். நன்மை எல்லோருக்கும் சேரட்டும் என்று நாலு எட்டுக்கு ஒரு தோள் மாறுவது வழக்கம். வினோஜுக்கு அது தெரியாது. ஒருவர் கம்பில் கை வைத்தும் அவன் விடாமல், கண்ணைத் துடைக்காமல் நடந்தான்.

"தம்பி, குடுங்க," என்றார் அவர்.

"அவர் வரட்டும்," என்றார் வாப்பா.

வினோஜ் வாப்பாவின் தோளளவுதான் இருந்தான். சந்தூக்கு அவன் பக்கமாகச் சரிந்தது. வாப்பா முழங்காலைக் கொஞ்சம் மடக்கித் தன் பக்கத்தையும் தாழ்த்தினார். அடக்கும் மையவாடி வரைக்கும் அப்படியே நடந்தார்.