பானை இறக்கிய இடம்

உச்சுமார்கா ஊருக்கு ஆறு பிற்பகல் மூன்று மணிக்குத்தான் வரும். வாமான்ரிட்டி மலையின் பனியில் காலை வெயில் பட்டு, உருகிய தண்ணீர் ஊரை எட்டும்போது மணி மூன்று. கோயில் மணியடிப்பவர் ஆற்றைப் பார்த்துத்தான் கடிகாரத்தைத் திருத்துவார். கடிகாரத்தைப் பார்த்து ஆறு தன்னைத் திருத்திக்கொண்டதாக வரலாறு இல்லை. அதெல்லாம் மலையில் பனி இருந்தபோது. இப்போது மிஞ்சியிருப்பது ஒரு தொப்பி அளவு. ஆற்றைக் கோழிகள் கால் நனையாமல் கடக்கின்றன. சென்ற வாரம் ஊற்றும் வற்றியது.

தெயோஃபிலோவுக்கு அதில் ஒரே கவலைதான்: மனைவி நிகாசியாவின் மொச்சைத் தோட்டம் பூத்து நின்றது.

"பதினஞ்சு நாள்ல தண்ணி வரலேன்னா பூ உதிரும். அப்புறம் வருஷம் பூரா உன் பொய்யத்தான் வேக வச்சுத் திங்கணும்," என்றாள் நிகாசியா.

"உப்புப் போட்டா நல்லாத்தான் இருக்கும்," என்றார் அவர்.

ஊற்று வற்றினால் செய்யவேண்டியது ஊருக்கே தெரியும். மலைமேல் ஏரிக்குப் போய் ஒரு பானைத் தண்ணீர் மொண்டு வந்து ஊற்றில் ஊற்ற வேண்டும்; சொந்தக்காரத் தண்ணீரைக் கண்டதும் ஊற்றுக்குத் தன் கடமை ஞாபகம் வந்துவிடும். ஆனால் பானை வழியில் தரையைத் தொடக் கூடாது. தொட்டால், தொட்ட இடத்தில்தான் தண்ணீர் பிறக்கும். மாற்ற ஆண்டவனாலும் முடியாது.

அந்த வருடம் வாய்க்கால் பொறுப்பு தெயோஃபிலோவுடையது. எனவே பானையும் அவருடையது. அவர் போகிற போக்கில் தன் மொச்சைத் தோட்டத்தில் பானையை இறக்கிவிடுவார் என்று ஊருக்குச் சந்தேகம். சந்தேகம் நியாயமானது, அவருக்கே அந்த எண்ணம் இருந்தது. அதனால் நிகாசியாவின் தம்பி சிரிலோவைக் காவலுக்கு அனுப்பினார்கள்.

ஏரியிலிருந்து இறங்கும்போது பானை நெஞ்சோடு, இரண்டு கையும் பானையோடு. களக், களக் என்று தண்ணீர் உள்ளே பேசிக்கொண்டே வந்தது. அறுபத்தெட்டு வயதுக்காரர், குளிர்காற்றில், காதருகே மூன்று மணி நேரம் அந்தப் பேச்சைக் கேட்டால் என்ன ஆகும்? ஊருக்கு மேலே ஹாத்துன் வெளி என்ற பொட்டலை அடைந்தபோது அதுதான் ஆயிற்று.

"மச்சான், ஒரு நிமிஷம் இதப் பிடி."

"கை மாறக் கூடாது மச்சான். பாட்டன் காலத்துச் சட்டம்."

"பாட்டனுக்கு மூத்திரமே வராதா?"

"அவரு வெறும் பஞ்சோப் போர்வையப் போட்டுக்கிட்டு, நடந்தபடியே விட்டுடுவாராம். நீங்கதான் நாகரிகமா பெல்ட் கட்டியிருக்கீங்க."

தெயோஃபிலோ இன்னும் இருபது அடி நடந்தார். அந்த இருபது அடியை அவர் வாழ்நாளில் மறக்கமாட்டார். பிறகு பானையை இறக்கிவைத்துவிட்டு ஒரு பாறைக்குப் பின்னால் ஓடினார்.

திரும்பி வந்தபோது சிரிலோ தலையில் கை வைத்து நின்றான்.

"போச்சு மச்சான். ஊருக்கு மேல, ஆள் அரவமில்லாத பொட்டல்ல தண்ணியப் பிறக்க வச்சிட்டீங்க."

"நீ பாக்கலேன்னு சொல்லிடு."

"அக்கா முகத்தப் பாத்து நான் பொய் சொல்றதா? அது உங்களுக்கே முடியல."

ஊர்க் கூட்டத்தில் தலைவி பாஸ்குவாலா விசிலை ஊதி எல்லோரையும் அடக்கினாள்.

"எவ்வளவு நேரம் பானை கீழ இருந்தது?"

"ஒரு மனுஷனுக்கு ஆகிற நேரம் தாயே."

"இருபது வயசு மனுஷனுக்கா, உங்க வயசுக்கா?"

"என் வயசுக்கு."

"அப்ப நல்லா வேர் பிடிச்சிருக்கும்," என்றாள் பாஸ்குவாலா. கூட்டம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. "தண்ணி அங்கதான் பிறக்கப் போவுது. நாளைக்கு வீட்டுக்கு ஒரு ஆள், ஒரு மண்வெட்டி. தோண்டி வெளிய எடுப்போம். தெயோஃபிலோ இடத்தக் காட்டுவாரு. வாய்க்கால்ல அவரு முறை இனிமே கடைசி."

இடத்தைக் காட்டுவதில்தான் சிக்கல். பொட்டலில் எல்லாப் பாறையும் ஒன்றுபோல் இருந்தது.

"இதான்," என்றார் காலையில். மதியம், "இல்ல, கொஞ்சம் கிழக்கால." மறுநாள், "நான் வேகமா ஓடின ஞாபகம். அப்ப தூரமாத்தான் இருக்கும்."

அவர் விரல் நீட்டிய இடமெல்லாம் எண்பது மண்வெட்டி இறங்கியது. மூன்றாம் நாள் முடிவில் ஒரு காற்பந்து மைதானமே ஆளுயரத்துக்குப் பள்ளமாகிக் கிடந்தது. தண்ணீர் மட்டும் பிறக்கவில்லை. மென்றுகொள்ளத் தெயோஃபிலோவிடம் ஒருவரும் கொக்கா இலை நீட்டவில்லை. அந்த ஊரில் அதைவிடப் பெரிய வசவு கிடையாது.

முன்பெல்லாம் மழை, சம்பந்தி வீட்டார்போலச் சொல்லிக்கொண்டு வந்து மூன்று மாதம் தங்கும். இப்போது போலீஸ்போல வருகிறது. எப்போது என்று தெரியாது, வந்தால் கதவை உடைக்கும். இரண்டு நாள் கழித்து ஹாத்துன் வெளிமேல் ஒரு கறுப்பு மேகம் கிழிந்தது. ஊரில் ஒரு சொட்டு இல்லை, இடி மட்டும். போன வருடம் இப்படிப் பெய்த மழை ஒரே மாலையில் பாலத்தையும் இரண்டு பன்றிகளையும் தூக்கிக்கொண்டு கடலுக்குப் போய்விட்டது. இந்த முறை புதுப் பாலத்தருகே கரையில் நின்று காத்திருந்தார்கள். வெள்ளம் வரவில்லை.

சிரிலோ மேலே ஓடிப் பார்த்துவிட்டு வந்தான்.

"பள்ளம் ரொம்பியிருக்கு! ஏரி மாதிரி! வாத்து ரெண்டு வந்து உக்காந்திருக்கு!"

"மண்ணு குடிச்சிடுமே," என்றார் ஒருவர்.

"குடிக்கட்டும்," என்றாள் பாஸ்குவாலா. "அதுக்கு நேர் கீழதான நம்ம ஊத்து இருக்கு."

பள்ளத்துத் தண்ணீர் நாளுக்கு ஒரு சாண் இறங்கியது. நிகாசியா சொன்ன பதினைந்து நாளில் பன்னிரண்டாம் நாள் ஊற்றின் பாசி ஈரமானது. பதின்மூன்றாம் நாள் கட்டைவிரல் கனத்தில் தண்ணீர். பதினைந்தாம் நாள் முன்கை கனம். வாய்க்காலைத் திறந்தார்கள். எல்லோர் வயலும் முடிந்து, தெயோஃபிலோவின் முறை வந்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது.

அவர் தண்ணீருக்கு முன்னால், காளையைக் கயிறு பிடித்து வருபவர்போலப் பின்னோக்கி நடந்து வந்தார். தோட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு பூ கருகிவிட்டது. மிச்சம், கழுத்தை வளைத்துக்கொண்டு நின்றது.

முதல் பாத்தியில் தண்ணீர் நுழைந்து நுரைத்தது. தெயோஃபிலோ தொப்பியைக் கழற்றினார்.

"பாத்தியா நிகாசியா, நான் வேணும்னேதான் அங்க இறக்கினேன். மழை வரும்னு கணக்குப் போட்டு..."

"அரை மணிதான் நம்ம முறை," என்றாள் அவள், சேற்றில் கணுக்கால் வரை நின்றபடி. "பொய்ய அப்புறம் சொல்லு. அந்த மடைய வெட்டி விடு, ரெண்டாவது பாத்தி காயுது."